டைம் கீப்பருக்கு வைத்த சோதனை

பஸ் டிப்போவில் எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லும் டைம் கீப்பர் அவர். கொட்டாவியைக்கூட நேரம் பார்த்துத்தான் விடுவார் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். மனைவி தையல்காரி. சட்டைக்குப் பொத்தான் வைக்க ஐந்து நிமிடம் கூடினாலும், "உன்னை நம்பி ஒரு வண்டி விட முடியுமா?" என்று வம்புக்கு இழுப்பார். அவளும் லேசில் விடமாட்டாள்.

ஒருநாள் பஸ் படியில் தவறி விழுந்து அவருக்கு நெற்றியில் பலத்த அடி. காயம் ஆறி ஏழு மாதமாகிவிட்டது. பேச்சு இருக்கிறது, நடை இருக்கிறது. ஆனால் குளிக்கச் சொன்னால்தான் குளிக்கிறார். சொல்லாவிட்டால் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அந்த வம்பு போன இடம் தெரியவில்லை. அவளுக்கு வீடே வெறிச்சென்று கிடந்தது.

ஆஸ்பத்திரியில் முன்மூளையைச் சோதிக்கும் டாக்டரம்மா மூன்று குச்சிகளில் மூன்று வண்ணப் பந்துகளைக் கோத்து வைத்தார். அவர் காட்டும் ஒவ்வொரு படத்திலும் உள்ளபடி, ஒரு தடவைக்கு ஒரு பந்தாக, யோசித்து நகர்த்த வேண்டும். டைம் கீப்பர் எடுத்த எடுப்பில் இரண்டு பந்துகளைச் சேர்த்து அள்ளினார். அடுத்த மாதம் மறுபடி வரச் சொன்னார்கள். அதில் தேறினால்தான் டிப்போவில் சேர்த்துக்கொள்வார்கள்.

தையல்காரி சும்மா இருப்பாளா? பலகையில் மூன்று ஆணி அடித்தாள். பந்துக்குப் பதில் நூல்கண்டு. அவள் நினைவில் நின்றது ஒரே ஒரு படம்தான். தினமும் காலையில் அதையே செய்ய வைத்தாள். மூன்றாவது வாரம் ஐந்தே நகர்த்தலில் முடித்தார். "பழைய ஆளா வந்துட்டாருக்கா!" என்று அக்காவுக்குப் போன் போட்டு அழுதாள்.

சோதனை நாளில் டாக்டரம்மா வேறு படத்தைக் காட்டினார். டைம் கீப்பர் வீட்டில் அடுக்கியதையே அடுக்கினார். இன்னொரு படம். மறுபடியும் அதே.

"படத்தைப் பாருங்க. இதுவும் அதுவும் ஒண்ணா?"

"இல்ல, தப்புதான்," என்றார். சொல்லும்போதே கை மறுபடி அதையே அடுக்கியது.

தையல்காரி ஆணிப் பலகையைப் பற்றிச் சொன்னாள். "நீங்க பழக்கினத அப்படியே பிடிச்சுக்கிட்டார்மா," என்றார் டாக்டரம்மா. "புதுசா ஒண்ணு வந்தா திட்டம் போட வரல. டிப்போ வேலை இப்போ வேண்டாம்."

தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெளியே வீட்டுக்குப் போகிற பஸ் வந்தது. அவள் வேண்டுமென்றே ஏறச் சொல்லவில்லை. அவரும் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. மூன்றாவது வந்து நின்றபோது அவர் முகத்தையே பார்த்தாள். ஒரு திட்டு, ஒரே ஒரு திட்டு வாங்க மாட்டோமா என்று ஏக்கமாக இருந்தது.

"இத்தனை வண்டிய விட்டுட்டு நிக்கிறேனே, என்னைத் திட்டுங்களேன்!" என்றாள் தாங்காமல்.

அவர் அவள் பக்கம் திரும்பி, பணிவாகக் கேட்டார்: "என்னன்னு திட்டணும்?"