செம்பட்டை வில்லனா, இல்லையா?

கேம் கேசட்டின் வாயில் உதட்டை வைத்து ஊதும்போது நாக்கு நுனியில் தூசியும் தகரமும் கலந்த ஒரு கரிப்பு ஒட்டும், அதே நேரம் கீழேயிருந்து தையல் மெஷின் எண்ணெயின் வாசம் ஏறி வரும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் எனக்குப் பெரிய லீவு தொடங்கியதாக அர்த்தம். தாராவியில் எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நின்று வழிவிட வேண்டும். எங்களுக்கு எதிர்வீடு அந்தோணி வீடு. அவன் அப்பா கீழே மெஷின்கள் போட்டுச் சட்டை தைத்தார். குடும்பம் இருந்தது மேலே "மாளா"வில், அதாவது இரும்பு ஏணியில் ஏறிப் போகும், நிமிர்ந்தால் தலை இடிக்கும் மேல்தளத்தில். டிவியும் அங்கேதான். கீழே எல்லா மெஷினும் ஒன்றாக ஓடினால் மேலே திரையில் கதாநாயகன் கிடுகிடுவென்று நடுங்குவான்.

அந்தோணிக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, திமிரும் ஏறக்குறைய ஒரே அளவு. அவன் அப்பா எங்கிருந்தோ வாங்கி வந்த "டிவி கேம்" பெட்டியோடு ஒரே ஒரு கேசட்தான் வந்தது. அதில் வந்த எழுத்து சீனமா ஜப்பானா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. கோழி கிளறிப்போட்டது மாதிரி இருக்கும். இரண்டு ரிமோட்டில் ஒன்றுதான் வேலை செய்தது. மற்றது பழுது என்று முடிவுகட்டி, வேடிக்கை பார்க்க வரும் சின்னப் பிள்ளைகள் அழாமலிருக்கக் கையில் கொடுத்து உட்கார வைப்போம். ஒரு உயிர் அவன் ஆடுவான், அடுத்த உயிர் நான். கதையை மட்டும் நாங்களே இட்டுக்கட்டிக்கொண்டோம், சினிமா பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதென்ன பெரிய வித்தையா?

அந்தக் கதையில் ஒருவன் வருவான். செம்பட்டை முடி, நீளக் கோட்டு, உதட்டில் எப்போதும் ஒரு இளிப்பு. அவனுக்குச் "செம்பட்டை" என்றே பெயர் வைத்தோம். நமக்கு முன்னால் ஓடிப்போய்ப் புதையல் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்வான், பாலத்தின் கயிற்றை வெட்டுவான், வழியில் நின்று சண்டைக்கு இழுப்பான். அதே செம்பட்டைதான் காட்டில் நம்மைத் துரத்தும் கரடியை ஒரே வெட்டில் சாய்த்துவிட்டு, திரும்பிக்கூடப் பாராமல் போவான். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது, சிரித்துக்கொண்டே வருகிறவன் வில்லன். அந்தோணி ஒத்துக்கொள்ள மாட்டான். "பாலத்த வெட்டுனான், சரி. நாம தாண்டி முடிச்ச பொறவுதானட்டி வெட்டுனான்?" என்று வக்கீல் மாதிரி வாதாடுவான். "ஒனக்கு அவன் மாமனாலே?" என்பேன் நான்.

கோட்டை வாசலில் செம்பட்டையைத் தோற்கடித்தால் அவன் முழங்காலிட்டு விழுவான், திரையில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு வரி எழுத்து தோன்றும், பக்கத்தில் ஒரு அம்புக்குறி கண் சிமிட்டும். அம்புக்குறி மேல் வரியில் நிற்கும், நாங்கள் அப்படியே அமுக்குவோம், கத்தி இறங்கும், அவன் வாள் நமக்கு வந்துசேரும், கூடியிருக்கும் பிள்ளைகள் விசிலடிப்பார்கள். அதற்கப்புறம் கடைசி ஸ்டேஜில் இரும்பு ராஜாவிடம் அடிவாங்கிச் சாவோம். எத்தனை தடவை ஆடினாலும் இதுதான் முடிவு. அவனை ஜெயிக்க ஆள் பிறக்கவில்லை என்றே நினைத்திருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தோணி வீட்டில் கோயிலுக்குப் போய்விட்டு வந்த பிறகு, சந்துப் பிள்ளைகள் எல்லாம் மாளாவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, அவன் அந்த அம்புக்குறியைக் கீழ்வரிக்கு இறக்கி அமுக்கிவிட்டான். செம்பட்டை எழுந்தான், கோட்டுத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டான், நடந்து போயே போய்விட்டான். வாளும் போச்சு.

"என்னலே பண்ணிட்ட?"

"விட்டுட்டேன். அவன் வில்லன் இல்லட்டி."

"வில்லன விட்டுட்டா கதை எப்பிடிலே முடியும்?"

முடிகிறதா என்று பார்க்கவும் வழியில்லை. "டிவியில படம் போட்டாச்சு, அணைங்கலே" என்று அவன் அம்மா கேம் பெட்டியைப் பிடுங்கிவிட்டார். எனக்குத் தலைக்கேறிய கோபத்தில் எல்லோர் முன்னாலும் சுண்டுவிரலை நீட்டி "கட்டி" என்றேன்.

பம்பாய்ப் பிள்ளைகளுக்குக் கட்டி என்றால் பேச்சு முறிந்தது, "பட்டி" என்றால் சேர்ந்தது. எங்கள் சந்தில் இதற்குச் சட்டமே இருந்தது. கட்டிவிட்டவர் தானாகப் போய்ப் பட்டி கேட்கக் கூடாது, கேட்டால் மானம் போச்சு. பேசியே ஆகவேண்டும் என்றால் மூன்றாம் ஆளிடமோ, ஆள் இல்லாவிட்டால் சுவரிடமோ பேசலாம். அந்தோணியும் சும்மா இருக்கவில்லை, நான் வாசலில் நிற்கும்போதெல்லாம் வேறு பிள்ளைகளைச் சத்தமாகக் கேம் ஆடக் கூப்பிட்டு என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டான். செம்பட்டையோடு சேர்த்து அவனையும் வில்லன் கணக்கிலேயே வைத்தேன்.

அப்போதுதான் ஒரு காலை, குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "எதிர்வீட்டுக்காரவுக உல்லாஸ்நகருக்குப் போறாவளாம். அங்க பெரிய எடமாம், மெஷின் நெறையப் போடலாமாம். நீ இப்பிடியே மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரி."

கட்டியோடு ஒருவன் ஊரைவிட்டுப் போனால் அந்தக் கட்டியை யார் போய் எடுப்பது? சாகிறவரைக்கும் அப்படியே கிடக்குமே! சட்டப்படி நான் வாய் திறக்கக் கூடாது, அவனோ திறப்பதாகத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

போகிற நாளும் வந்தது. மெயின் ரோட்டில் டெம்போ நின்றது, மெஷின்களை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிப் போனார்கள். நான் எங்கள் வாசலில், எங்கும் போக மனமில்லாமல் நின்றேன். அந்தோணி ஏணியிலிருந்து குதித்து ஓடி வந்தான். என்னைப் பார்க்காமல், வாசலில் இருந்த எங்கள் நீலத் தண்ணீர் டிரம்மின் முன்னால் நின்று மூச்சிரைக்கச் சொன்னான்: "ஏ டிரம்மு, செம்பட்டைய இன்னைக்கும் விட்டுட்டேன். கடைசி ஸ்டேஜுல நிக்கேன். டிவியத் தூக்க வாராவ. அவளச் சீக்கிரம் வரச் சொல்லு."

டிரம்முக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை, பறந்தேன்.

மாளாவில் டிவியும் கேம் பெட்டியும் தவிரச் சாமான் எதுவும் இல்லை. கீழே மெஷின் ஓடாததால் திரை முதல்முறையாக ஆடாமல் அசையாமல் நின்றது. இரும்பு ராஜா எங்கள் ஆளைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தான், கடைசி உயிர். அப்போது இடது பக்கத்திலிருந்து கோட்டு பறக்கச் செம்பட்டை வந்து குதித்தான். குதித்தவன் சும்மா நின்றான். படபடப்பில் நான் கீழே கிடந்த அந்தப் பழுதான ரிமோட்டை எடுத்து அமுக்கினேன்.

செம்பட்டை வாளை வீசினான்.

"ஏய், இது வேல செய்யுது! நாந்தாம்லே செம்பட்டை!" என்று கத்தினேன். "அடிட்டி, அடி!" என்று அவனும் கத்தினான். பழுதும் இல்லை ஒன்றுமில்லை, அந்த ரிமோட் செம்பட்டைக்காகத்தான் காத்திருந்திருக்கிறது. இவனைத்தான் நாங்கள் ஒவ்வொரு முறையும் கொன்று போட்டுக்கொண்டிருந்தோம். அந்தோணி முன்னாலிருந்தும் நான் பின்னாலிருந்தும் அடித்த அடியில் இரும்பு ராஜா நட்டு நட்டாகக் கழன்று விழுந்தான். திரை நிறைய அந்தக் கோழிக் கிறுக்கல் ஓடியது. ஒரு எழுத்தும் புரியவில்லை, இருவரும் கடைசி வரை பார்த்தோம்.

டிவியைத் தூக்க ஆள் ஏணியில் ஏறும் சத்தம் கேட்டதும் அந்தோணி இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினான். நானும் நீட்டித் தொட்டேன். "பட்டி" என்று யார் முதலில் சொன்னது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் தகராறு உண்டு. டெம்போ போன பிறகு நான் அழுதேன்தான், ஆனால் அன்றைக்கு மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது நான் செம்பூரில் இருக்கிறேன். அந்தச் சந்தில் கதவுக்குக் கதவு நம்பர் எழுதிப் போயிருக்கிறார்கள், இடித்துக் கட்டப் போகிறார்களாம். ஊதி ஊதிப் போடும் கேசட்டும் இல்லை, கட்டி விடுகிற பிள்ளைகளும் இல்லை. என் மகள் கோபம் வந்தால் போனில் "பிளாக்" பண்ணிவிடுகிறாள், அதற்கப்புறம் டிரம்மோடுகூடப் பேச வழியில்லை. போன வாரம் அவள் தன் கேமில் வரும் ஒருவனைக் காட்டி, "இவன் நல்லது பண்றான், கெட்டதும் பண்றான். வில்லனாம்மா?" என்று கேட்டாள். நான் உல்லாஸ்நகருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அந்தோணியின் பட்டறையில் மெஷின்கள் ஓடும் இரைச்சல் எங்கள் ஹாலை நிறைத்தது.

"செம்பட்டை கேஸ் மறுபடியும் வந்திருக்குலே. இப்பவும் நான் பாதிதான் ஒத்துக்கிடுவேன். பாலத்த வெட்டுனவன் வெட்டுனவன்தான். நீ எத வச்சு அவன அன்னைக்கு விட்ட? நெசத்தச் சொல்லு."

"அவன் நல்லவனா கெட்டவனான்னு எனக்கு என்னட்டி தெரியும்?" என்றான் அந்தோணி. "அவனையும் கொன்னுட்டா, பொறவு யாருகூட வெளயாடதுக்கு?"