மனுவில் முதல் கையெழுத்து

எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகையோ கோயில் விண்ணப்பமோ எதுவானாலும், வீட்டுக்கு மூத்தவர் பெயர்தான் முதலில் வர வேண்டும். அந்த வழக்கத்தின் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் எங்கள் எதிர்வீட்டைத் தொண்டர்கள் சிலர் வாடகைக்கு எடுத்தார்கள். போதை ஊசி போடுகிறவர்கள் அங்கே குளிக்கலாம், தேத்தண்ணீர் குடிக்கலாம், புண்ணுக்கு மருந்து கட்டிக்கொள்ளலாம். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் அவர்களுக்குப் பயம். போலீஸ் பிடித்து மறுவாழ்வு மையத்தில் அடைத்துவிடுமாம்.

தெருவுக்கும் பயம் இருந்தது, அது பொய்யில்லை. கொடியில் காயப்போட்ட துணி காணாமல் போனது. பின்சந்தில் என் மகளின் செருப்பில் ஓர் ஊசி குத்தி நின்றது. எனக்கு ரத்தம் கொதித்தது. மலாயில் நன்றாக எழுதுவேன் என்று எல்லாரும் என்னையே பிடித்துக்கொண்டார்கள். அந்த வீட்டை மூடச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுதினேன்.

அங்கே மருந்து கட்டுகிற பெண் எங்கள் வாசலுக்கே வந்தாள். "பின்னால தெனமும் நாங்களே கூட்டிடுறோம் அண்ணே. ஊசியெல்லாம் பொறுக்கிடுறோம். மூடிடாதீங்க லா."

சொன்னபடியே கூட்டினார்கள். நான் மனுவைக் கிழிக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு மூத்தவர் என் அண்ணன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், வேலை போனதும் ஊசியில் விழுந்தவர். அவர் காலில் ஆறாத புண். தினமும் கட்டுப் போட்டுக்கொண்டது எதிர்வீட்டில்தான். எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் தாளை நீட்டினேன். எங்கள் வீட்டுக் கையெழுத்து இல்லையென்றால் தெரு சிரிக்கும் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அண்ணன் முழுவதும் படித்தார். "எங்க போடணும் தம்பி?"

"மேல, மொத வரியில."

போட்டார்.

சில மாதங்களில் அந்த வீடு மூடப்பட்டது. காப்பிக்கடையில் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். ஊசிகள் மட்டும் எங்கேயும் போகவில்லை. பொறுக்க ஆளில்லாமல் சாக்கடையில் கிடந்தன. அண்ணன் கிழிந்த கைலியால் காலைச் சுற்றிக்கொண்டு அறைக்குள்ளேயே முடங்கினார். நாற்றம் கூடம் வரை வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெட்கங்கெட்டவன் நான்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார்கள். சம்மதத் தாள் வந்தது. காய்ச்சலில் அண்ணனால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. அதை என் பக்கம் தள்ளினார்.

"அதுல நான் போட்டேன் லா தம்பி. இதுல நீ போடு."

மூத்தவர் இருக்கும்போதே எங்கள் வீட்டில் நான் முதலில் போட்ட கையெழுத்து அதுதான்.