பாதி ஏற்றம் அவருக்கு, பாதி ஏற்றம் இவருக்கு

என் எடையைச் சரிபாதியாகப் பிரிக்க முடியும் என்பது போன வியாழக்கிழமைதான் தெரிந்தது.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் மச்சான் ரவி ஃபேக்டரி லாரிகளைப் பார்த்துக்கொள்கிறான். தோட்டத்து மேனேஜர் தொரை கறாராகச் சொல்லிவிட்டார்: "ரெண்டு லாரியும் டீசலைக் குடிக்குது. குறையலன்னா வித்துட்டு, வெளி ஆளுக்கு கான்ட்ராக்ட் குடுத்திடுவேன்." வித்தால்? டிரைவர் முத்துவும் டிரைவர் சிறிபாலவும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ரவி புது இன்ஜின் ஆயில் ஒன்று பிடித்தான். பழையதுபோல கெட்டியில்லை, லேசானது. இன்ஜின் சுலபமாகச் சுற்றும், டீசல் மிச்சம் - அப்படி ஒரு நம்பிக்கை. முத்து லாரிக்குப் புதுசு, சிறிபால லாரிக்குப் பழசு. இரண்டிலும் ஒரே எடை தேயிலை, டாங்க் நிறைய டீசல். கொழும்புக்குப் போய், வெறும் லாரியாகத் திரும்பி, மறுபடி டாங்கை நிரப்பினால் யார் எவ்வளவு குடித்தார் என்று தெரிந்துவிடும். வழியில் யாரையும் ஏற்றக்கூடாது.

கொழும்பிலிருந்த நான் போன் போட்டேன். "திரும்பி வர்ற லாரியில நானும் ஏறிக்கிறேனே..."

"ஒங்களயா? அது ஆயிலுக்குச் செய்ற அநியாயம் மச்சான். பஸ்ல வாங்க."

யட்டியாந்தோட்டை வரை பஸ்ஸில் வந்தேன். தோட்டத்துக்குப் போகும் பஸ் பிரேக்டவுன். மழை வேறு. பையைத் தூக்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். மூன்றாவது வளைவில் முழங்கால் ஸ்ட்ரைக் செய்தது.

பின்னால் ஹார்ன். முத்து லாரி. அதன் வாலைப் பிடித்தபடி சிறிபால லாரி. கை காட்டிவிடக் கூடாதே என்று ரப்பர் மரத்தை ரசிப்பதுபோல நின்றேன்.

இரண்டும் நின்றன.

"ஏறுங்க சார்!" என்றார் முத்து.

"வேணாம் முத்து. டெஸ்ட் கெட்டுடும். ஒங்க வேலை..."

"மழையில ஆள விட்டுட்டுப் போற பழக்கம் நம்ம லாரிக்கு இல்லீங்க."

எனக்குள்ளே இருந்த திருடன் விழித்துக்கொண்டான். "அப்ப சிறிபால லாரியில ஏறுறேன். பழைய ஆயில் இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும். புது ஆயில் ஜெயிச்சிடும்ல?"

சிறிபால தலையை வெளியே நீட்டி, சிங்களமும் தமிழும் கலந்து மறுத்தார். "எபா மாத்தயா! கள்ள வேலை வேணாம். தோத்தா தோத்ததுதான்."

வேலை போகப்போகிற மனுஷன் சொல்கிற பேச்சா இது?

முத்துதான் வழி கண்டுபிடித்தார். "பாதி ஏத்தம் அவரு லாரியில வாங்க. கோயில் வளைவுல எறங்கி என் லாரிக்கு மாறிக்குங்க. நானும் அங்க நிறுத்துறேன். ரெண்டுக்கும் ஒரே பாரம், ஒரே நிறுத்தம்."

அப்படியே மாறினேன், கொட்டும் மழையில். இரண்டு இன்ஜினும் உறுமிக்கொண்டு காத்திருக்க, ஒரு தொப்பை பாதையில் இடம் பெயர்ந்தது.

ஃபேக்டரியில் ரவி தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்: "பையோடதானே மாறுனீங்க?"

"பையோடதான்."

"அப்ப சரி."

டீசல் ஊற்றினார்கள். முத்து டாங்கைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். சிறிபால நகத்தைக் கடித்தார். முத்து டாங்க் சீக்கிரமே நிரம்பி வழிந்தது. சிறிபாலவுடையது... இன்னும் கேட்டது, இன்னும் கேட்டது!

"ஹரி!" என்று சிங்களத்தில் 'சரி!' சொல்லி முதலில் கத்தியது யார் தெரியுமா? தோற்ற சிறிபால.

ரவி நடந்ததை ஒளிக்காமல் தொரையிடம் சொன்னான், என்னைப் பங்கு போட்டது உட்பட. தொரை சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ரெண்டுக்கும் புது ஆயிலே ஊத்துங்க" என்றார். லாரிகள் தப்பின. டிரைவர்களும்.

வேலையே போனாலும் போகட்டும் என்று இரண்டு பேர் ஏற்றத்தில் பிரேக் மிதித்தார்கள், என் முழங்காலுக்காக. அந்த நன்றிக்கு இனி இரண்டாம் தரம் சோறு கேட்கும் முன் யோசிப்பேன்... யோசிப்பேன் என்றுதான் சொன்னேன்!