எண்ணெய் வைத்த வில்

வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற யாரைப் பார்த்தாலும் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

செஞ்சியில் நான் எட்டாவது படித்தபோது சென்னையிலிருந்து ஏதோ ஓர் அமைப்பு எங்கள் பள்ளிக்கு ஐந்து வயலின்களைக் கொடுத்தது. சனிக்கிழமைகளில் ஒரு சார் பஸ்ஸில் வந்து சொல்லிக் கொடுப்பார். ஆர்கெஸ்ட்ராவில் சேர்த்திருக்கிறார்கள் என்று வீட்டில் சொன்னதும் அம்மா பயந்துவிட்டாள்.

"திருவிழாவுல சினிமா பாட்டு பாடிகினு ஆடுவாங்களே, அதுவா? உங்க நைனா காதுல வுழுந்தா வெட்டிப் போட்ரும்."

"அது இல்லம்மா. இது உக்காந்துகினு வாசிக்கிறது."

உட்கார்ந்து என்றதும் சமாதானமானாள்.

ஒரு வருஷம் இழுத்தேன். விரல் நுனிகள் காய்த்துப் போயின. ஐந்து பேரில் நான் மோசமில்லை. இரண்டாவது என்றுகூடச் சொல்லலாம். ஆண்டு விழாவில் வாசிப்பதைப் பார்த்து, சென்னையில் நடக்கும் பெரிய நிகழ்ச்சிக்கு நான்கு பேரைக் கூட்டிப்போவதாகச் சார் சொல்லியிருந்தார். வேனில் அவ்வளவுதான் இடம். நான் அதுவரை திண்டிவனத்தைத் தாண்டியதில்லை. எப்படியாவது அந்த வேனில் ஏறிவிட வேண்டும்.

விழாவுக்கு முந்தின நாள் மட்டும் வயலினை வீட்டுக்கு எடுத்துப்போக விட்டார். வில்லில் கட்டியிருப்பது குதிரை முடி என்று அம்மாவிடம் பெருமையடித்தது நான்தான். நல்ல நாள் என்றால் தலைக்கு எண்ணெய் வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் வாசலைத் தாண்ட முடியாது. காலையில் அம்மா எனக்கு வழிய வழியத் தேய்த்து இரட்டைச் சடை பின்னிவிட்டாள். நான் சீருடை மாற்றப் போன நேரத்தில், கையில் மிச்சமிருந்த எண்ணெயை வில்லுக்கும் தடவிவிட்டாள். நுனியிலிருந்து அடிவரை, ஒரு முடி விடாமல்.

மேடையில் வில்லை இழுத்தேன். சத்தம் வரவில்லை. அழுத்தினேன்; இன்னும் வழுக்கியது. சார் ஓரத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு, "நிறுத்தாத. கையை மட்டும் ஆட்டு" என்றார். பாட்டு முடியும்வரை ஆட்டினேன். வல்லத்தில் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த அம்மா, கீழே உட்கார்ந்து கை தட்டினாள்.

இறங்கியதும் சார் வில்லை முகர்ந்து பார்த்தார். "தேங்கா எண்ணெயா? முடிஞ்சுது. இனி இது குப்பைக்குத்தான்." சென்னை போகிற நான்கு பேரின் பெயரையும் அங்கேயே வாசித்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவைத் திட்டினேன்.

"எண்ணெ காணாம பரட்டையா கெடந்துச்சுடி" என்றாள்.

"நீ செத்துப் போ" என்றேன்.

எனக்கு அது போதவில்லை. அன்று சோற்றுத் தட்டையும் தள்ளிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் பள்ளிக்கு வந்தாள். காட்டு வேலைக்குக் கட்டும் பழைய புடவை, மேலே நைனாவின் சட்டை, கையில் ஒரு ஷாம்பு பாக்கெட்.

"நான் பண்ண தப்பு சார். பொண்ணு இன்னா பண்ணும்? ஒரு பக்கெட் தண்ணி குடுங்க. நானே அலசி, நெழல்ல காய வெச்சுக் குடுத்துட்றேன்."

சார் சிரித்தார். "ஏம்மா, இது உங்க தலையா?" என்றார். பெயர் வந்த நான்கு பேரும் சிரித்தார்கள். அம்மா பாக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டு, சார் மறுபடி நிமிர்ந்து பார்ப்பார் என்று கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

பத்தாவதோடு படிப்பு நின்றது. ஓசூர், திருப்பூர் என்று கம்பெனி கம்பெனியாக மாறி, சென்னையில் பார்சல் கொடுக்கும் வேலைக்கு வந்தேன். ஒரு நாள் வாத்தியம் பழுதுபார்க்கும் கடைக்கு ஒரு பார்சல் இருந்தது. கையெழுத்துக்குக் காத்திருந்தபோது, வில்லில் எண்ணெய் பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கடைக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ஷாம்பு போட்டு அலசுவோம். காஞ்சதும் ரோசின் பிசினத் தேச்சா சத்தம் வந்துடும். வரலன்னா முடிய மாத்துவோம். இதுல என்ன இருக்கு?"

சொல்லித்தர வந்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? ஐந்து பேரில் யாரைக் கழிப்பது என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு அம்மா வேலையை மிச்சப்படுத்திக் கொடுத்தாள். இதெல்லாம் அம்மா ஷாம்புவோடு வந்து நின்ற அன்று எனக்கு எட்டவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அம்மா பக்கம் பார்க்காமல், அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.