வைங்க, நானே கூப்புடுறேன்

"அண்ணே, வைங்க. நானே கூப்புடுறேன்."

சொன்ன கையோடு வினோலியா போனை வைத்துவிட்டார். அழைத்தவர் கொடைரோடு கிளையின் லைன்மேன் ஈஸ்வரன். இரண்டு பேரும் வருஷக்கணக்காக ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். அவர் இருமினால்கூட இன்னாரென்று வினோலியாவுக்குத் தெரியும். தெரிந்தாலும் சட்டம் சட்டம்தான். தன் செல்போனில் பதிந்து வைத்திருக்கும் ஈஸ்வரன் எண்ணைத் தேடி எடுத்து, தானே அழைத்து, அந்தப் பக்கம் அதே குரல் வந்த பிறகுதான், "ம், இப்பச் சொல்லுங்கண்ணே" என்பார். ஈஸ்வரனுக்கு இது பழகிவிட்டது. இப்போதெல்லாம் ஒரு ரிங் கொடுத்துவிட்டு அவரே வைத்துவிடுகிறார்.

வீட்டுக்காரருக்கும் இதே மரியாதைதான். அவர் பள்ளிக்கூடத்து வாத்தியார், சாது. சாயங்காலம் வரும்போது ஒரு தேங்காய் வாங்கி வா என்று சொல்லக் கூப்பிடுவார். போனை வெட்டுவார் வினோலியா. திரும்ப அழைப்பார். "ஒரு தேங்காய்க்கு ரெண்டு போனா?" என்று அவர் அலுத்துக்கொள்வார். "எவன் வேணா உங்க நம்பர்ல இருந்து பேசுற மாதிரி பேசலாம். நான் கூப்பிட்டு நீங்க எடுத்தாத்தேன் நீங்க" என்பார் வினோலியா. கட்டிய கணவனிடமே இப்படியென்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்!

சமையலறையிலும் இந்தச் சந்தேகம் தொடர்கிறது. டப்பாக்களின் மேல் மல்லித்தூள், சீரகத்தூள் என்று அவர் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்த பிறகே குழம்பில் போடுவார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது அந்த இணையக் கம்பெனி. முதலாளி சுருளிவேல், கேபிள் டிவி காலத்தில் குடை ஆன்டெனாவோடு தொழிலுக்கு வந்தவர். இன்று அவருடைய ஒயர் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பக்கம் கொடைரோடு வரைக்கும், இன்னொரு பக்கம் ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி வரைக்கும் ஓடுகிறது. அந்த வலை முழுவதும் வினோலியாவின் பொறுப்பு. அவர் அறையில் ஏசி உண்டு, ஆனால் அது மனுஷருக்காகப் போட்டதல்ல, இயந்திரங்களுக்காகப் போட்டது. அதனால் சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும்போது, கணவரின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி உட்கார்ந்திருக்கும் ஒரே திண்டுக்கல்வாசி அவர்தான்.

அவர் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாம் அனுப்பும் படமோ பேச்சோ, இணையத்தில் துண்டு துண்டாகத்தான் போகிறது. அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் அனுப்பியவரின் முகவரி இருக்கும். செக்மெண்ட் ரவுட்டிங் என்று ஒரு முறை இருக்கிறது. சுருளிவேலின் வலைக்கு அதைக் கொண்டுவந்தவரே வினோலியாதான். அதில் முகவரியோடு, எந்தெந்த ஊரில் இருக்கும் ரவுட்டர் பெட்டி வழியாகப் போக வேண்டும் என்ற வரிசையும் தலையிலேயே எழுதியிருக்கும். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதில்லை. மேலே மையில் போட்ட மார்க்கைப் பார்ப்பார், அதற்குரிய லாரியில் ஏற்றுவார். நடுவழிப் பெட்டிகளும் அப்படியே. தலையில் எழுதியிருக்கிறபடி அனுப்பிவிடும். சாலை தோண்டுகிற ஜேசிபி ஒரு பக்கம் ஒயரைப் பிடுங்கிப் போட்டாலும், வேறு வழியை எழுதி அனுப்பிச் சமாளித்துவிடலாம். அருமையான முறைதான். அந்த மார்க்கை எழுதியது யார் என்று மட்டும் நடுவில் யாரும் கேட்க மாட்டார்கள்.

கேட்காமல் விட்டதன் பலன் போன ஐப்பசியில் வந்து சேர்ந்தது. இவர்களுக்கு மொத்தமாக இணையம் தரும் பெரிய கம்பெனியிலிருந்து ஒரு புகார். உங்கள் வலையில் இன்ன முகவரியிலிருந்து வெளியே தாக்குதல் நடக்கிறது, உடனே நிறுத்தாவிட்டால் உங்கள் மொத்த லைனையும் நிறுத்துவோம் என்றார்கள். வினோலியா பார்த்தார். முகவரி, பழனி பக்கத்தில் பாலசமுத்திரத்தில் இ-சேவை மையம் நடத்தும் நாகஜோதி என்பவருடையது. பாக்கெட்டுகள் வெளியேறிய இடமும் பழனிப் பெட்டி. இரண்டும் ஒத்துப்போயின. நாகஜோதியின் லைனை வெட்டினார்.

அன்றைக்கு ஏதோ அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். நாகஜோதியின் வீட்டு முன்னறையிலிருந்து தெரு வரைக்கும் பிள்ளைகள் சான்றிதழ்களோடு வரிசையில் நின்றிருந்தார்கள். நெட் போனது. சிலர் பழனிக்கு ஓடினார்கள். சிலருக்கு நேரம் தப்பிப்போனது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. நாகஜோதி கடையில் ஏதோ சைபர் கேஸாம், லைனையே பிடுங்கிவிட்டார்களாம் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மறுபடி புகார் வந்தது. அதே முகவரி. வினோலியா லைனைச் சரிபார்த்தார். நாகஜோதியின் லைன் இன்னும் வெட்டித்தான் கிடந்தது. வெட்டிக் கிடக்கும் ஒயரிலிருந்து பாக்கெட் எப்படி வரும்? தோண்டித் துருவிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தின் கண்காணிப்பு கேமரா பெட்டியை எங்கோ இருக்கும் எவனோ கைப்பற்றியிருக்கிறான். அது தன் பாக்கெட்டுகளின் தலையில் நாகஜோதியின் முகவரியை எழுதி, பழனி வழியாகப் போய் வெளியேறு என்று பாதையையும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தது. நடுவழிப் பெட்டிகள் எழுதியதை நம்பின. வினோலியாவும் எழுதியதை நம்பினார். பெட்டிக்காவது உயிரில்லை, நமக்கு என்ன வந்தது என்று அவருக்கு அவமானமாக இருந்தது.

லைனைச் சரிசெய்துவிட்டு, மறுநாள் பஸ் பிடித்துப் பாலசமுத்திரத்துக்கே போனார். நாகஜோதி முப்பது வயதுக்காரர். ஜெராக்ஸ் இயந்திரத்தை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சத்தம் போடவில்லை.

"தெரியாம நடந்துபோச்சுங்கிறீங்க, செரிங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க" என்றார். "நாளைக்கு இன்னொருத்தன் எம்பேரை எழுதி அனுப்புனா, மறுக்காவும் என்ற லைனைத்தானுங்க வெட்டுவீங்க?"

வெட்ட மாட்டேன் என்று சொல்ல வினோலியாவுக்கு வாய் வரவில்லை. அது பொய். இன்னொரு புகார் வந்தால் அன்றைக்கு இருந்த நிலைமையில் அதைத்தான் செய்திருப்பார். வேறு எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று, "எங்க ஆபீஸ்னு சொல்லி யாரு போன் பண்ணாலும் நம்பாதீங்க. வச்சிட்டு, பில்லுல இருக்க நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க" என்றார். நாகஜோதி அடுத்த ஆளின் ரேஷன் கார்டை வாங்கி ஜெராக்ஸில் வைத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் கணவர் கூப்பிட்டார். வினோலியா முதல்முறையாக, "வைங்க, நானே கூப்புடுறேன்" என்றது அப்போதுதான்.

செய்ய வேண்டியது என்னவென்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டு ஒயரும் கம்பத்துப் பெட்டியில் வந்து நுழைகிற வாசலில் ஒரு காவல் போட வேண்டும். இந்த வாசல் வழியாக வருகிற பாக்கெட்டில் இந்த வீட்டு முகவரி மட்டும்தான் இருக்கலாம், வேறு இருந்தால் அங்கேயே தள்ளிவிடு. தலையில் பாதையை எழுதும் அதிகாரம் கம்பெனியின் சொந்தப் பெட்டிகளுக்கு மட்டும்தான், வெளியிலிருந்து எவன் எழுதிக்கொண்டு வந்தாலும் தள்ளிவிடு. இவ்வளவுதான். ஆர்வக் கோளாறில் அந்த வாரமே கொடைரோட்டில் போட்டார். பாதிக் கொடைரோடு அணைந்துபோனது.

சுருளிவேல் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "ஏம்மா வினோலியா, ஒரு திருட்டுப் பயலைப் பிடிக்கிறேன்னு ஊரையே லாக்கப்புல வச்சுட்டியேம்மா!"

"அவுங்க மேல தப்பு இல்லண்ணே. எந்த வாசல்ல எந்த வீடுன்னு நம்ம வச்சிருக்கிற கணக்குத்தேன் தப்பு."

"எது தப்போ போகட்டும். முதல்ல அதை எடு. இனிமே இந்தப் பேச்சே வேணாம்."

எடுத்துவிட்டார். தப்பு எங்கே என்பதை ஈஸ்வரன்தான் தலையைச் சொறிந்துகொண்டே ஒப்புக்கொண்டார். "மழையில ஒரு வாசல் செத்துப்போச்சு மேடம். பக்கத்துல சும்மா கெடந்ததுல ஒயரைச் சொருகி விட்டேன். நெட்டு வந்துருச்சு, அம்புட்டுத்தேன்." எத்தனை இடத்தில் என்று கேட்டார் வினோலியா. "அட்ஜஸ்ட் பண்ணாத எடத்தைக் கேளுங்க, சொல்றேன்" என்றார் ஈஸ்வரன். எல்லாக் கிளைகளிலும் இதே கதைதான். நம் ஊர் லைன்மேன்கள் நல்லவர்கள். ஒரு வீட்டில் சீரியல் நின்றுவிட்டால் அவர்களுக்கு மனசு கேட்காது. எதையாவது எதிலாவது சொருகி ஓட வைத்துவிடுவார்கள், யாரிடமும் சொல்ல மாட்டார்கள்.

வேறு யாராவது என்றால் இத்தோடு கும்பிடு போட்டிருப்பார்கள். வினோலியா ஸ்கூட்டரை எடுத்தார். ஊர் ஊராக, கம்பம் கம்பமாகப் போனார். அவர் கண்டுபிடித்த முறை எந்தப் புத்தகத்திலும் இருக்காது. லைன்மேன் ஏணியில் ஏறி ஒரு ஒயரைக் கழற்றுவார். வினோலியா தெருவின் நடுவில் நின்று காதைத் தீட்டிக்கொள்வார். எந்த வீட்டிலிருந்து ஆள் கத்திக்கொண்டு வெளியே வருகிறதோ, அது அந்த வீட்டு ஒயர். உடனே சொருகச் சொல்லிவிட்டு, அதற்கு அந்த வீட்டின் பெயரெழுதி ஒரு பட்டை கட்டுவார். "கத்துற வீடுதேன் கரெக்டான வீடு" என்பது அவர் சித்தாந்தம். கிரிக்கெட் மேட்ச் உள்ள நாட்களில் வேலை மளமளவென்று நடந்தது. திட்டு வாங்குவதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஒட்டன்சத்திரத்தில் ஒரு அம்மா, "நல்லா இருப்பீங்களா நீங்க?" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகக் கேட்டபோது, "இருப்பேங்க, இதை முடிச்சிட்டா நல்லா இருப்பேன்" என்று சிரித்தார்.

வெயிலில் கறுத்து, ஒரு தடவை தெருநாய்க்குப் பயந்து ஸ்கூட்டரோடு சாக்கடையில் இறங்கி, ஒருவழியாக எல்லா வாசலையும் பார்த்து முடித்துவிட்டு, அவர் சுருளிவேல் முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, மறுபடி போடப்போறேன். ஒவ்வொரு ஊராப் போட்டுக் கடைசியில திண்டுக்கல். ஒரே ஒரு வீடு நின்னாலும் நானே எடுத்துர்றேன், வேலையையும் விட்டுர்றேன்."

சுருளிவேல் அவர் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்றாலும் கேட்கிற முகமாக அது இல்லை. "வேலையை எதுக்கும்மா விடுற? சரி, போடு. ராத்திரியாப் பாத்துப் போடு. எல்லாரும் தூங்கிருவாங்க."

"பகல்லதேண்ணே போடுவேன். தூங்குனா யாரு கத்துவா?"

கொடைரோடு போட்டாயிற்று, ஒட்டன்சத்திரம் போட்டாயிற்று, பழனியும் போட்டாயிற்று. யாரும் கத்தவில்லை. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் திண்டுக்கல் முறை. சுருளிவேல் வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அங்கிருந்த ஆபீஸ் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் எண்தான் எல்லா பில்லிலும் அச்சாகியிருக்கிறது. புகார் வந்தால் அதில்தான் வரும். வினோலியா ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு காவலைப் போட்டார். போன் அடிக்கவில்லை. செத்த நேரம் பார்த்தார்கள். அடிக்கவில்லை.

அதோடு விட்டாரா? அன்றைக்கு அந்தத் திருடன் செய்ததையே தானும் செய்தார். ஆபீஸ் மூலையில் இருந்த ஒரு பழைய கணினியைச் சாதாரண வாடிக்கையாளர் லைனில் மாட்டி, அதன் பாக்கெட்டுகளில் நாகஜோதியின் முகவரியை எழுதி, பழனி வழியாகப் போ என்று பாதையையும் எழுதி அனுப்பினார். ஒன்றுகூட வாசலைத் தாண்டவில்லை. அதே நேரத்தில் பாலசமுத்திரத்தில் நிஜ நாகஜோதி யாருக்கோ வருமானச் சான்றிதழ் எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய பாக்கெட்டுகள் ஒரு தடையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. வினோலியா திரையில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

செல்போனை எடுத்தார். அன்றைக்குப் பிறகு நாகஜோதியிடம் அவர் பேசியதில்லை.

"வணக்கங்க. திண்டுக்கல் நெட் ஆபீஸ்லருந்து பேசுறேன். அன்னிக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்கல்ல, அதுக்குப் பதில் சொல்லலாம்னு..."

"யாருங்க பேசறது?"

"வினோலியாங்க. அன்னிக்கு உங்க லைனை..."

"வெச்சிருங்க. நானே கூப்புடறனுங்க."

பட்டென்று வைத்துவிட்டார்.

"என்னம்மா, இன்னும் கோவமா?" என்றார் சுருளிவேல். வினோலியா செல்போனை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். முதலாளியைத் தாண்டி வரவேற்பு மேஜைக்கு வந்து, பில்லில் எண் அச்சாகியிருக்கும் அந்த ஆபீஸ் போனின் ரிசீவர் மேல் கையை வைத்தார். இன்னும் மணி அடிக்கவில்லை. பக்கத்தில் நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.