திரட்டி வைத்த முடி

என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருக்கிறது. மூடி துருப்பிடித்துவிட்டது; திறக்கக் கரண்டிக் காம்பு வேண்டும். உள்ளே வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சவரி. இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சவரி தெரியாது. உதிர்ந்த முடியைச் சேர்த்து, ஒரு முனையில் இறுகக் கட்டி, பின்னலோடு வைத்துப் பின்னிக்கொள்வோம். இது என் அக்காவின் முடி.

எங்கள் அம்மாவுக்கு எதையும் வீணாக்க மனம் வராது. ஒவ்வொன்றையும் சேர்ப்பதற்கு ஒவ்வொரு சொல் வைத்திருந்தாள். உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை ‘ஒதுக்குவாள்’. விறகை ‘அடுக்குவாள்’. தெருக்குழாய்த் தண்ணீரைப் ‘பிடித்து வைப்பாள்’. எங்கள் கல்யாணத்துக்கென்று பித்தளைப் பாத்திரங்களைச் ‘சேர்ப்பாள்’. சீப்பில் வரும் முடியை மட்டும் ‘திரட்டுவாள்’. விரலில் சுற்றி உருண்டையாக்கிப் பலகைச் சுவரின் இடுக்கில் செருகச் சொல்வாள். காற்றில் போய்க் காக்கைக் கூட்டில் சேர்ந்தால் தலைவலி தீராது என்பாள். பினாங்குத் துறைமுகத்தில் தோணிக்கு மூட்டை சுமந்த அப்பாவுக்கு இவை எல்லாமே ஒரே சொல்தான்: குப்பை. அக்காவோ பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். அவளுக்கு அரிசியும் முடியும் எல்லாமே ‘சிம்பான்’; பத்திரமாக எடுத்து வைப்பதற்கு மலாய்ச் சொல். “சிம்பான் பண்ணி வை பாப்பா” என்று எதையாவது என் கையில் திணித்துவிட்டுப் போவாள்.

அக்காவின் முடி முழங்காலைத் தொடும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் கூட்டத்தில் பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஓர் அம்மாள் அந்தப் பின்னலைப் பின்னாலிருந்து பார்த்துத்தான், முகத்தைப் பார்க்குமுன்பே, “இது யார் வீட்டுப் பொண்ணு?” என்று விசாரித்தார். அவர் மகனுக்கே பேசி முடித்தார்கள். வைகாசியில் கல்யாணம். அக்கா மாப்பிள்ளையை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அதற்குப் பிறகு நாலு நாள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாசியில் அவளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. பிழைத்தாள். சித்திரையில் முடி கொட்டத் தொடங்கியது. சீப்பு வைத்தால் கொத்தாக வரும். விடிந்தால் தலையணை கறுத்திருக்கும். அம்மா எழுந்திருப்பதற்குள் அதைப் பொறுக்கி எடுப்பது என் வேலை. சுவர் இடுக்கு கொள்ளவில்லை. அப்போதுதான் இந்தத் தகரத்தைக் கண்டுபிடித்தோம். கொட்டியதில் ஒரு பங்கை அக்கா உருட்டிக் கொண்டைக்குள் வைத்து மேலே இருக்கும் முடியால் மூடிவிடுவாள். “கொண்டை எவ்வளவு பெருசு பாத்தியா!” என்று அம்மாவே திருஷ்டி கழித்தாள். நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எனக்கு அப்போது பதினோரு வயது, ரகசியம் தித்தித்தது.

பிறகு மத்தியான வேளைகளில் அக்காவுக்குக் குளிர் வர ஆரம்பித்தது. அம்மா குழாயடிக்குப் போயிருக்கும் நேரம். சாக்கைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக்கக் கிடப்பாள். நான் அவள் மேல் ஏறிப் படுத்து அழுத்திப் பிடிப்பேன். வேர்த்து விட்டதும் எழுந்து முகம் கழுவிக்கொள்வாள்.

“அம்மாகிட்ட சொல்லாதே லா. நோஞ்சான் பொண்ணுன்னு அந்த வீட்டுல வேணாம்னுடுவாங்க. வைகாசி வரைக்கும்தானே. இதையும் சிம்பான் பண்ணி வை.”

வைத்தேன்.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தபோது குளிர் மத்தியானத்தோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். “இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று டாக்டர் கேட்டாராம். அம்மா, “நேத்துதானே ஐயா காய்ச்சல் வந்துச்சு” என்றாளாம். மூன்றாம் நாள் அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தது அடக்கம் செய்யத்தான்.

அவள் பாயையும் துணிமணிகளையும் கடலில் விட அப்பா மூட்டை கட்டினார். கட்டிலுக்கு அடியிலிருந்து தகரம் வந்தது. மூடியைத் திறந்ததும் அம்மாவின் முகம் எப்படிப் போயிற்று என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் அள்ளினாள். அள்ள அள்ள வந்தது.

“குடு, அதையும் போட்டுடலாம். செத்தவ முடியை வீட்டுல வெக்கக் கூடாது” என்றார் அப்பா.

“உசுரோட இருந்தப்ப உதிர்ந்தது. இது செத்தவ முடியில்ல” என்றாள் அம்மா. அப்பா மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அம்மா என் பக்கம் திரும்பினாள். “இவ்வளவு கொட்டியிருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சே. ஒனக்காவது தெரியுமா பாப்பா?”

“தெரியாதும்மா” என்றேன்.

அம்மா ஒரு மழைக்காலம் முழுதும் அந்த முடியைச் சிக்கெடுத்தாள். ஒவ்வொரு இழையாக நீவி, அடி ஒரு பக்கம் நுனி ஒரு பக்கம் பார்த்து அடுக்கி, இந்தச் சவரியைக் கட்டினாள். எட்டு வருடம் கழித்து என் கல்யாணத்தில் என் பின்னலோடு அதை வைத்துப் பின்னினாள். மாப்பிள்ளை வீட்டில் யாரோ, “பொண்ணுக்கு என்ன முடி!” என்றார்கள். என் முதுகுப் பக்கம் அம்மாவின் கை நின்றுவிட்டது. அப்போது சொல்லியிருக்கலாம். பூ வைத்துக்கொண்டிருந்தவளிடம் அதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். பிறகும் விட்டுவிட்டேன். பெத்தவ கண்ணுக்குத் தெரியலையே என்று தன்னையே நொந்துகொண்டு அம்மா போய்ச் சேர்ந்தாள். அவள் கண் மேல் ஒரு குற்றமும் இல்லை. மறைத்தவள் நான்.

இப்போது என் தலையில் கறுப்பு முடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அக்காவின் முடியில் ஒன்றுகூட நரைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எடுத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, தகரத்தில் வைத்து மூடியை அழுத்துகிறேன். அழுத்தும்போது, “தெரியும்மா” என்று வாய்விட்டே சொல்கிறேன். கேட்டவள் இல்லை.