கட்டிலுக்கடியில் பூட்டிய பெட்டி

பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறவள் அவள். புள்ளிகளையும் சேர்த்து வாய்விட்டு வாசித்தால்தான் பிழை கண்ணில் படும் என்பது அவள் கட்சி. கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவரை, அறிமுகமான ஒன்பதாம் நாளே கட்டிக்கொண்டாள். "ஆற அமர யோசிடி" என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்கவில்லை.

இந்த மாதம் திருத்தத்துக்கு வீட்டுக்கு வந்த நாவலும் அதே கதைதான்: அவசரக் கல்யாணம், புருஷன் பூட்டிவைத்த அறை, பயத்தில் அவனுக்கு விஷம் வைக்கும் பெண்டாட்டி. முந்நூறு பக்கம் பூச்சாண்டி காட்டிவிட்டு, கடைசியில் அறைக்குள் பழைய நாற்காலிகளாம்! எழுதியவன்மேல் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கட்டிலுக்கடியில் தன் கணவர் பூட்டிவைத்திருந்த பெட்டியைத் தினமும் குனிந்து குனிந்து பார்த்தாள். நல்ல மனுஷனா, அமுக்குணியா? ஒன்றும் பிடிபடவில்லை.

ஞாயிறு காலை கேட்டேவிட்டாள். "ஏங்க, அந்தப் பெட்டியில என்ன இருக்கு?"

அவர் திருதிருவென்று விழித்து, பெட்டியைத் திறந்தார். இரண்டு சட்டை, பல் தேய்க்கும் பிரஷ், ஒரு ரயில் டிக்கெட்.

"ஓடிப்போறதுக்குத்தான்" என்றார். "தினமும் கதவைச் சாத்திக்கிட்டு, 'பாலில் விஷத்தைக் கலந்தாள், கால்புள்ளி, சிரித்தபடி நீட்டினாள், முற்றுப்புள்ளி'ன்னு சொல்லிச் சொல்லிப் பாக்குறியே!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப காலையில நான் குடுக்குற பாலு?"

அவர் ஜன்னலோரத் தொட்டிச் செடியைக் காட்டினார். அது கருகிப்போயிருந்தது. ஒரு நொடி, அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.